போதையைப் பற்றிப் பேச ஒரு பாடவேளை வேண்டும்

ஜூன் 26 சர்வதேச போதைப்பொருள் ஒழிப்புத் தினம். அந்த நாளை ஒட்டி இலங்கையின் வடக்கிலுள்ள பாடசாலைகளில் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரியானது. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் மாணவர்கள் மண்டபத்தில் இருத்தப்படுவார்கள். பொலிஸ் அதிகாரி ஒருவரோ வெளியிலிருந்து அழைக்கப்பட்ட பேச்சாளர் ஒருவரோ ஒரு மணி நேரம் பேசுவார். கறுத்துப்போன நுரையீரலின் படமும் சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் நிற்கும் இளைஞனின் படமும் திரையில் வந்து போகும். உறுதிமொழி எடுத்து, பதாதை பிடித்து, சந்தி வரைக்கும் ஊர்வலம் போய் வந்தால் அந்த ஆண்டுக்கான வேலை முடிந்துவிடும். இதைச் செய்பவர்கள் அக்கறையோடுதான் செய்கிறார்கள். ஆனாலும் பதினைந்து வயதுப் பிள்ளையைப் போதையிலிருந்து காக்க இந்த முறை உதவாது என்பதை உலகம் பெரும் பணமும் பல ஆண்டுகளும் செலவழித்துக் கண்டறிந்துவிட்டது. காரைநகரிலும் மற்றத் தீவுகளிலும் உள்ள பாடசாலைகள் இந்த ஒருநாள் நிகழ்வோடு நின்றுவிடாமல், போதையையும் உடல்நலத்தையும் பற்றிய பாடத்தைத் தங்கள் சொந்த ஆசிரியர்களைக் கொண்டு, வகுப்பறைக்குள், ஆண்டுதோறும் தொடர்ச்சியாக நடத்த வேண்டும்.

முதலில் நிலைமையைச் சரியாகப் பார்ப்போம். பாக்கு நீரிணை வழியாகக் கேரளக் கஞ்சா வருவதும், அதைக் கடற்படை பிடிப்பதும் தீவகத்தில் அடிக்கடி கேள்விப்படும் செய்திகள். போரின் பின்னர் ஹெரோயின் வந்தது. அதைத் தொடர்ந்து ஐஸ் என்று எல்லோரும் சொல்லும் மெதம்பெற்றமின் வந்தது. மருந்துக் கடையில் வைத்தியரின் சீட்டுக்கு மட்டும் கொடுக்க வேண்டிய மாத்திரைகள் போதை மாத்திரைகளாகக் கைமாறத் தொடங்கின. போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் ஐந்து கிராம் ஐஸ் வைத்திருப்பவருக்கும் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க வழி செய்தது. 2025 ஒக்டோபரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ‘முழு நாடும் ஒன்றாக’ என்ற தேசிய செயற்றிட்டத்தைத் தொடக்கி வைத்தார். இவையெல்லாம் தேவைதான். ஆனால் தரம் எட்டில் படிக்கும் ஒரு பையனின் கைக்கு முதலில் வந்து சேர்வது ஐஸ் அல்ல. சின்னப் பொதியில் விற்கும் மாவா பாக்கு, கடையில் ஒற்றையாக வாங்கும் சிகரெட், கலியாண வீட்டின் பின்பக்கத்தில் யாரோ நீட்டும் பியர்ப் போத்தல், துடுப்பாட்டப் போட்டியில் வென்ற இரவில் மூத்த பெடியள் ஊற்றிக் கொடுக்கும் அரைக் கிளாஸ், இவைதான் முதலில் வருகின்றன. பாடசாலை மண்டபத்தில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஐஸையும் ஹெரோயினையும் சுற்றியே நின்றுவிடுகிறது. அந்தப் பையன் இன்றைக்கோ நாளைக்கோ சந்திக்கப் போகும் தருணத்தைப் பற்றி அங்கே எவரும் பேசுவதில்லை.

பயமுறுத்தும் பேச்சு பயன் தருமா என்ற கேள்விக்கு மிக நீண்ட பதிலை அமெரிக்கா தந்திருக்கிறது. 1983இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ‘டேர்’ என்ற திட்டம் தொடங்கியது. சீருடை அணிந்த பொலிஸ் அதிகாரிகள் வகுப்பறைக்கு வந்து போதைப்பொருளின் தீங்குகளைச் சொல்லி, ‘வேண்டாம்’ என்று மறுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பெற்றோருக்குப் பிடித்திருந்தது, அரசியல்வாதிகளுக்கும் பிடித்திருந்தது; திட்டம் நாடு முழுவதும் பரவியது. பின்னர் ஆய்வாளர்கள் அதில் பங்கேற்ற மாணவர்களையும் பங்கேற்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். 1994இல் வெளிவந்த தொகுப்பாய்வும் அதன் பின் வந்தவையும் ஒரே முடிவைத்தான் சொன்னன: பிள்ளைகளின் அறிவு கூடியது, ஆனால் அவர்கள் போதைப்பொருள் பாவிப்பதில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன. 1998 முதல் அமெரிக்க அரசு போதைக்கு எதிரான தொலைக்காட்சி விளம்பரங்களில் கொட்டிய பெரும் தொகையின் கதையும் இதுவே. அந்தப் பிரசாரத்தை அதிகம் பார்த்த பிள்ளைகளில் சிலர் ‘எல்லோரும் கஞ்சா அடிக்கிறார்கள் போலிருக்கிறது’ என்ற எண்ணத்துக்கு வந்ததற்கான அறிகுறிகள்கூட மதிப்பீட்டில் தெரிந்தன. ‘டேர்’ அமைப்பே 2009இல் தன் பழைய பாடத்திட்டத்தைக் கைவிட்டு வேறொன்றுக்கு மாற நேர்ந்தது.

ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2013இல் வெளியிட்டு, உலக சுகாதார நிறுவனத்துடன் சேர்ந்து 2018இல் புதுப்பித்த சர்வதேசத் தடுப்பு நியமங்கள் இந்த அனுபவங்களையெல்லாம் ஓரிடத்தில் தொகுத்துத் தருகின்றன. பாடசாலைகளில் பயன் தராதவை என்றும் சில வேளை தீங்கு செய்யக்கூடியவை என்றும் அந்த ஆவணம் சொல்பவை எங்களுக்கு மிகவும் பழக்கமானவை: விரிவுரை மட்டும் நடத்துவது, தகவலை மட்டும், அதிலும் பயமூட்டும் விதமாகச் சொல்வது, ஒழுக்கப் போதனையோடு நிறுத்திக்கொள்வது, முன்னாள் பாவனையாளரை மேடையேற்றி அனுபவம் சொல்லவைப்பது, பொலிஸ் அதிகாரியைக் கொண்டு பாடம் நடத்துவது. எங்கள் ஜூன் 26 நிகழ்ச்சி நிரலை எடுத்து இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதுவும் மிஞ்சாது. இப்படிச் சொல்வது பொலிஸாரைக் குறைத்துப் பேசுவதாகாது. விற்பவனைப் பிடிப்பது அவர்களுடைய தொழில். பதின்ம வயதுப் பிள்ளையின் மனத்தோடு வேலை செய்வது ஆசிரியரின் தொழில்.

அப்படியானால் எதற்குப் பயன் இருக்கிறது? ஐரோப்பாவின் ஏழு நாடுகளில் 2004ஆம் ஆண்டில் ‘அன்பிளக்ட்’ என்ற பாடத்திட்டம் பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. மொத்தம் பன்னிரண்டு பாடவேளைகள்தான். பயிற்சி பெற்ற வகுப்பாசிரியரே நடத்தினார். விரிவுரை குறைவு, குழுவாகப் பேசுவது, நடித்துப் பார்ப்பது, முடிவெடுக்கப் பழகுவது கூட. பாடம் முடிந்து சில மாதங்களில் பார்த்தபோது, நாளாந்தம் புகைப்பதும் வெறிக்கக் குடிப்பதும் அந்த வகுப்புகளில் மற்றவற்றைவிட நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக இருந்தன. இத்தகைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் மதிப்பாய்வு நிதானமாகவே பேசுகிறது: சமூகத் திறன்களையும் நண்பர்களின் அழுத்தத்தை எதிர்கொள்ளும் பழக்கத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் பாடங்களின் பலன் சிறியது, ஆனால் தொடர்ந்து தென்படுவது, அறிவை மட்டும் ஊட்டும் பாடங்கள் நடத்தையை மாற்றுவதில்லை. சிறிய பலன் என்பதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஒரு வகுப்பில் இரண்டு பிள்ளைகள் இரண்டு மூன்று ஆண்டுகள் தாமதித்துத் தொடங்குவதோ தொடங்காமலே விடுவதோ பெரிய அதிசயமாகத் தெரியாது. ஆனால் முடிவெடுப்பதற்கும் அவசரத்தை அடக்குவதற்கும் உதவும் மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. எவ்வளவு இளம் வயதில் பழக்கம் தொடங்குகிறதோ அவ்வளவுக்கு அதை விடுவது கடினமாகிறது. தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் பெறுமதி உண்டு.

இந்தப் பாடம் எங்கள் மொழியில், எங்கள் ஊரின் சூழலில் அமைய வேண்டும். ‘ஒருக்கா அடிச்சுப் பார் மச்சான், ஒண்டும் செய்யாது’ என்று கேட்கும் நண்பனுக்கு என்ன பதில் சொல்வது? ‘நீ என்ன பொம்பிளைப் பிள்ளையோ?’ என்று நாலு பேருக்கு முன்னால் சீண்டும்போது நட்பையும் மானத்தையும் இழக்காமல் எப்படி விலகி வருவது? ‘இதைக் கொண்டுபோய் அந்த அண்ணாவிட்டக் குடுத்திட்டு வா’ என்று ஒரு பொதியைத் தந்தால் யாரிடம் சொல்வது? இவற்றை வகுப்பறையில் நடித்துப் பார்த்த பிள்ளைக்கு அந்தத் தருணம் வரும்போது வாயில் ஒரு சொல் தயாராக இருக்கும். உறுதிமொழியை மனப்பாடம் செய்தவனுக்கு அது இருக்காது. பெண் பிள்ளைகளுக்கும் இந்தப் பாடம் அதே அளவு வேண்டும். அவர்களும் போதைக்கு ஆளாகக்கூடும் என்பது ஒரு காரணம். தகப்பனின், தமையனின், நாளைக்குக் கணவனின் குடியால் வரும் அடியையும் கடனையும் தாங்குபவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பது மற்றக் காரணம். எங்கே உதவி கேட்கலாம் என்பது அவர்களுக்குப் பள்ளியிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் நாங்கள், பத்திரிகைகளில் எழுதுபவர்களும் சேர்ந்து, திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்து இளைய தலைமுறையே போதையில் மூழ்கிவிட்டது என்று எழுதுவதும் பேசுவதும் வழக்கமாகிவிட்டது. 2015ஆம் ஆண்டின் உலக இளையோர் புகையிலை ஆய்வின்படி இலங்கையில் 13 முதல் 15 வயது வரையான மாணவர்களில் ஏதாவது ஒரு வகைப் புகையிலையைப் பாவித்தவர்கள் 3.7 வீதம், ஆண் பிள்ளைகளில் 6.7 வீதம், பெண் பிள்ளைகளில் 0.7 வீதம். அது பத்து ஆண்டுகளுக்கு முந்திய, நாடு முழுவதற்குமான கணக்கு. தீவகத்துக்கென்று தனிக் கணக்கெடுப்பு நடத்தினால் இன்றைய நிலை தெரியவரும். ஆனாலும் பெரும்பான்மைப் பிள்ளைகள் தொடுவதில்லை என்பதுதான் அடிப்படை உண்மை. ‘எல்லாரும் செய்யினம்’ என்ற நினைப்பே ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போகும் பெரிய விசை. அந்த நினைப்பை உடைப்பது நல்ல பாடத்திட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரு முக்கிய பகுதி. மேடையில் நின்று தலைமுறையே அழிந்துவிட்டது என்று முழங்கும்போது நாங்களே அந்த நினைப்புக்கு உரம் போடுகிறோம்.

பாடத்தின் உள்ளடக்கத்தில் நேர்மை வேண்டும். ஒரு தடவை கஞ்சா இழுத்தால் பைத்தியம் பிடிக்கும் என்று சொல்லிக் கொடுத்தால், இழுத்துவிட்டு மறுநாள் வழமைபோல வள்ளத்தில் ஏறும் ஒருவரைப் பிள்ளை காண்கிறது. அதற்குப் பிறகு ஐஸைப் பற்றி ஆசிரியர் சொல்லும் மெய்யையும் அது நம்பாது. எந்தப் பொருள் எவ்வளவு தீங்கானது, எது எவ்வளவு விரைவில் பிடித்துக்கொள்ளும், பதின்ம வயதில் கஞ்சா ஞாபக சக்திக்கும் மனநலத்துக்கும் என்ன செய்யும், மதுவோடு மாத்திரையைச் சேர்த்தால் மூச்சு ஏன் நிற்கக்கூடும் என்று அளவோடு, ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். மிக அருகில் இருப்பதைக் கவனமாக எடுக்க வேண்டும். மாவாவில் இருப்பவை பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும். புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களிடம் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலை கலந்த மெல்லும் பொருட்களை நாடு 2016இலேயே தடை செய்துவிட்டது. வெற்றிலைத் தட்டம் இல்லாமல் ஒரு நல்ல காரியமும் நடக்காத ஊரில் இதைப் பேசுவது எளிதல்ல. பாட்டியின் வாயில் இருப்பதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். மரியாதையோடு பேசலாம், பேசாமல் விட முடியாது.

இதற்கு ஏற்கெனவே சுகாதாரப் பாடம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ தரம் 6 முதல் 9 வரை எல்லோருக்கும் உரிய பாடம். பிரச்சினை தரம் 10இல் தொடங்குகிறது. க.பொ.த. சாதாரண தரத்தில் அது மூன்றாம் தொகுதியின் விருப்பப் பாடங்களில் ஒன்றாகிவிடுகிறது. தகவல் தொழில்நுட்பத்தையோ விவசாயத்தையோ எடுத்த பிள்ளை, ஆபத்து மிகவும் நெருங்கி வரும் 15, 16 வயதில், இந்த விடயம் பற்றி ஒரு பாடவேளைகூட இல்லாமல் படிக்கிறது. கீழ் வகுப்புகளிலும் பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது சுகாதாரப் பாடவேளைதான். கணிதமோ விஞ்ஞானமோ அதை எடுத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் பரீட்சித்தது பன்னிரண்டு பாடவேளைகள் என்று மேலே சொன்னேன். ஒரு தவணையில் வாரத்துக்கு ஒரு பாடவேளை ஒதுக்கினால் அது முடிந்துவிடும். பெறுபேறு குறைந்துவிடும் என்று அஞ்சும் அதிபர்கள், பழக்கத்துக்கு அடிமையாகிப் பாடசாலைக்கு வராமலே நின்றுவிடும் ஒரு மாணவனின் பெறுபேற்றையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சொல்லிக் கொடுத்தால் இல்லாத ஆசையும் வந்துவிடும் என்பது பெற்றோரிடமிருந்து வரும் முதல் தடை. பாலியல் கல்விக்கும் இதே தடை சொல்லப்பட்டது; அது பிள்ளைகளை முந்தித் தள்ளுவதில்லை என்று பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த யுனெஸ்கோ எடுத்துக்காட்டியிருக்கிறது. போதைப்பொருளைப் பொறுத்தவரை இந்தப் பயத்தில் ஓரளவு நியாயம் உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். பொருட்களின் படங்களை வரிசையாகக் காட்டி, பெயர்களையும் பாவிக்கும் விதத்தையும் விவரிக்கும் கூட்டங்கள் ஆர்வத்தைத் தூண்டக்கூடும். அந்தப் பயம் சுட்டிக்காட்டுவது இப்போது நடக்கும் கூட்டங்களைத்தான். வயதுக்கு ஏற்றபடி, தரம் 7இல் புகையிலையும் மாவாவும் மதுவும், மேல் வகுப்பில் மாத்திரையும் கஞ்சாவும் ஐஸும் என்று படிப்படியாக எடுத்து, பொருளைவிட முடிவெடுப்பதில் கவனம் வைக்கும் பாடத்துக்கு அது பொருந்தாது. எப்படியும் பிள்ளையின் கையில் கைப்பேசி இருக்கிறது. நாங்கள் வாயை மூடிக்கொண்டால் பிள்ளை எதையும் அறியாமல் இருந்துவிடும் என்று நம்புவதற்கு இடமில்லை.

இது வீட்டின் கடமை, கோயிலும் உறவும் ஊர்க்கட்டுப்பாடும் இருந்தால் போதும் என்பது அடுத்த வாதம். வீட்டை மீறிப் பாடசாலை எதையும் சாதித்துவிட முடியாது என்பது உண்மை. ஆனால் இன்றைய தீவகத்து வீடு எப்படி இருக்கிறது? தொண்ணூறுகளில் ஊரோடு இடம்பெயர்ந்து, பின்னர் திரும்பி வந்து, அதற்கிடையில் பாதிப் பேர் இலண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும் பாரிஸுக்கும் போய்விட்ட ஊர்கள் இவை. அம்மம்மாவும் பேரனும் மட்டும் இருக்கும் வீடுகள் இருக்கின்றன. தகப்பன் கொழும்பில் கடையிலோ கடலிலோ இருக்க, தாய் ஒருத்தியாகச் சமாளிக்கும் வீடுகள் இருக்கின்றன. வெளிநாட்டுப் பணம் வருகிறது, கேட்க ஆளில்லை. போரை நேரில் கண்டு, அந்த நினைவை அடக்கவே குடிக்கத் தொடங்கிய தகப்பன்மாரும் இருக்கிறார்கள். இந்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைக்கு, வகுப்பில் எவரையும் சுட்டாமல், ‘வீட்டில் ஒருவர் குடித்தால் அது உன் பிழையில்லை’ என்று ஒரு ஆசிரியர் சொல்வது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை யோசித்துப் பாருங்கள்.

வருவதைக் கடலிலேயே தடுத்துவிட்டால் பாடம் எதற்கு என்பார்கள் சிலர். காரைநகரிலேயே கடற்படைத் தளம் இருக்கிறது. பிடிபடுகிறது, இருந்தும் வருகிறது. மாவாவும் சாராயமும் சிகரெட்டும் கடல் கடந்து வருவனவும் அல்ல. 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலையும் மதுவும் விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அதை ஊர்க் கடைகளில் நடைமுறைப்படுத்தினாலே பெரிய மாற்றம் வரும். அதற்குப் பிரதேச சபையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பொலிஸும் போதும். ஆனால் சோதனையும் தண்டனையும் பாடசாலைக்குள் நுழையும்போது கவனம் வேண்டும். புத்தகப் பையைக் கிளறுவதும், பிடிபட்ட பிள்ளையை இடைநிறுத்துவதும், எழுதிக் கொடுத்து விலக்கிவிடுவதும் பாடசாலையின் பெயரைக் காப்பாற்றலாம். விலக்கப்பட்ட பிள்ளை அன்று மாலையே போய்ச் சேருவது அதற்குப் பொதி கொடுத்தவர்களிடம்தான்.

ஊரே சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஐஸ்லாந்து ஓர் உதாரணம். 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 வீதத்தினர் முந்திய ஒரு மாதத்தில் வெறிக்கக் குடித்திருந்தார்கள்; 2016இல் அது 5 வீதமானது. நாளாந்தம் புகைப்பவர்கள் 23 வீதத்திலிருந்து 3 வீதமானார்கள். அவர்கள் ஆண்டுதோறும் பிள்ளைகளிடமே, பெயர் எழுதாத வினாத்தாளில், உண்மையைக் கேட்டு அறிந்தார்கள். பெற்றோர்கள் கூடி, இரவில் பிள்ளைகளை வெளியே விடுவதில்லை என்று எழுத்தில் உடன்பட்டார்கள். பாடசாலை முடிந்த பின் விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்தது. அது பணக்கார நாடு; அதே காலத்தில் ஐரோப்பாவின் வேறு நாடுகளிலும் பதின்ம வயதினரின் குடி குறைந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனால் வினாத்தாள் அச்சிடுவதற்கும், பெற்றோர் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வருவதற்கும் பணம் அவ்வளவாக வேண்டியதில்லை. இதில் எங்கள் சிறிய பாடசாலைகளுக்கு ஒரு வசதியும் உண்டு. ஒரு வகுப்பில் பதினைந்து பிள்ளைகள் இருந்தால் ஆசிரியருக்கு ஒவ்வொருவரின் முகமும் வீடும் தெரியும்.

குறையும் அங்கேயேதான் இருக்கிறது. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் குறிகட்டுவானில் படகேறிப் போகும் ஆசிரியர் பாடசாலை விட்டதும் படகைப் பிடிக்க ஓட வேண்டும். காரைநகரிலும் பலர் யாழ்ப்பாணத்து பஸ்ஸை நம்பி இருப்பவர்கள். பிள்ளை தனியாக வந்து பேசக்கூடிய நேரம் கிடைப்பதில்லை. ஆகவே வாரத்தில் ஒரு நாளாவது தங்கியிருந்து பணியாற்றும் பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநர் தீவகத்துக்கு வேண்டும். தரம் 7இலும் 10இலும் நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையை உயரம், நிறை, பல் என்று முடித்துவிடாமல், பிள்ளையோடு தனியே ஐந்து நிமிடம் பேசும் இடமாகவும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஆக்க வேண்டும். உதவி கேட்டு வரும் பிள்ளையின் விடயம் பொலிஸுக்கோ ஊருக்கோ போகாது, அதற்காக எவரும் விலக்கப்பட மாட்டார் என்று ஒவ்வொரு பாடசாலையும் எழுதி ஒட்ட வேண்டும். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் யாழ். போதனா வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உண்டு. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, தேசிய மனநல உதவி இலக்கமான 1926, சிறுவர் பாதுகாப்புக்கான 1929 ஆகிய தொலைபேசி இலக்கங்கள் எல்லா வகுப்பறைச் சுவர்களிலும் இருக்க வேண்டியவை.

கனடாவிலும் பிரித்தானியாவிலும் சுவிஸிலும் உள்ள காரைநகர் மன்றங்கள் ஊர்ப் பாடசாலைகளுக்கு நிறையவே செய்திருக்கின்றன. அடுத்த கட்டடத்துக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் முன்னால், ஆசிரியர்களின் பயிற்சிக்கும் ஓர் ஆற்றுப்படுத்துநரின் போக்குவரத்துக்கும் அவர்கள் கைகொடுக்கலாம். தீவக வலயக் கல்விப் பணிமனை, அதிபர்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் மூன்றும் இணங்கினால் கொழும்பின் சுற்றறிக்கைக்குக் காத்திராமலே தொடங்கக்கூடிய வேலை இது. ஜனவரித் தவணைக்கான நேரசூசி போடுமுன் உங்கள் பிள்ளையின் பாடசாலையில் நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்குப் போங்கள். தரம் 7இலிருந்து 11 வரை, வாரத்தில் ஒரு பாடவேளை, ஒரு தவணைக்கு ஒதுக்கித் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.